கிளாடிஸ் அக்காவும் காங்கேயத்து எண்ணெயும்

என்னுடைய மூலத்தைப் பற்றிப் பீளமேட்டில் இருநூறு குடும்பங்களுக்குத் தெரியும். எந்த நிலை, உள்பக்கமா வெளிப்பக்கமா, உட்கார முடிகிறதா என்பது வரைக்கும் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. கிளாடிஸ் அக்கா சொன்னார். அதுவும் ஞாயிறு ஆராதனையில், மைக்கில், கண்ணை மூடிக்கொண்டு.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. காணிக்கைப் பாட்டு முடிந்ததும் ஜெப விண்ணப்பங்களை வாசிப்பார்கள். யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்குப் பரீட்சை, யார் வீட்டில் வரன் தேடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாசிக்க, சபையார் ஜெபிப்பார்கள். மற்ற சபைகளிலும் இது உண்டுதான். அங்கெல்லாம் ‘இன்னாருடைய சுகத்துக்காக’ என்று பொத்தாம்பொதுவாக முடித்துக்கொள்வார்கள். எங்கள் லிஸ்ட்டைப் பதினைந்து வருடமாக எழுதி வாசிப்பது கிளாடிஸ் அக்கா. அவரிடம் பொத்தாம்பொதுவெல்லாம் நடக்காது.

“கர்த்தர்கிட்டக் கேக்கறப்ப வெவரமாக் கேக்கோணுமுங்க. வலது காலுக்குக் கேட்டு எடது காலு சொகமாச்சுன்னா ஆரு பொறுப்பு?” என்பார்.

எட்டு வருடத்துக்கு முன்னால் நான் செய்த தவறு, அவருடைய ஃபோனை எடுத்ததுதான். “ஞாயித்துக்கெழம கோயில்ல ஆளையே காணமேங்க தம்பி?” என்றார். உடம்பு சரியில்லை என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டேன். நான் ஓர் இன்ஜினியரிங் காலேஜில் லேப் அசிஸ்டண்ட். வைவாவில் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே அழவைக்கிற பேராசிரியர்களை இருபது வருடமாகப் பார்க்கிறேன். அவர்களில் ஒருவர்கூட அக்காவின் கால்தூசி பெறமாட்டார்.

அடுத்த ஞாயிறு, “சகோதரர் ஆரோன், மூலம், ரெண்டாம் நிலை” என்று ஆரம்பித்தவர் நிறுத்த ஒன்றரை நிமிடம் ஆனது. அப்போது என் மகள் கெசியாவுக்கு ஆறு வயது. “மூலம்னா என்னப்பா?” என்று முன் பெஞ்சு வரை கேட்கிற மாதிரி கேட்டாள். ஆராதனை முடிந்து டீ குடிக்கிற இடத்தில் மூன்று பேர் கருணைக்கிழங்கு என்றார்கள், இரண்டு பேர் துத்தி இலை என்றார்கள். ரிட்டயர்டான போஸ்ட்மாஸ்டர் ஒருவர் அடுத்த வாரம் காற்றடித்த ரப்பர் வளையம் ஒன்றைக் கொண்டுவந்து, நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் எல்லாரும் பார்க்க வைத்துவிட்டுப் போனார். அன்பு என்றால் அப்படி ஓர் அன்பு.

குணமானது. மறைப்பானேன்? ஆனால் அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே நான் அக்காவைப் பற்றி எழுதுவதை வாசிக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளுபடி செய்தே வாசிக்கவும்.

அக்காவுக்கு இந்த விவரப் பித்து எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் டைப்ரைட்டிங் முடித்துவிட்டு, பீளமேட்டில் ஒரு பஞ்சு மில்லின் டைம் ஆபீசில் சேர்ந்தார். அங்கே அவர் வேலை, லீவு எடுத்தவர்களின் காரணத்தை எழுதுவது. ‘வயிற்று வலி’ என்று எழுதினால் மேனேஜர் நம்பமாட்டார். ‘தொப்புளுக்கு வலப்பக்கம் நாலு விரல் தள்ளி, காலை ஐந்து மணி முதல்’ என்று எழுதினால் நம்புவார். அக்கா கேட்டுக் கேட்டு எழுதினார். ஒருமுறை அப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதே பேனாவை வைத்துவிட்டு, “இது குடல்வாலுங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க” என்று ஒரு தொழிலாளியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். அந்த ஆள் பிழைத்தார். அதிலிருந்து விவரம் கேட்பது ஒரு ஊழியம் என்று அக்காவுக்கு ஆகிவிட்டது. மில்லை மூடினார்கள். கேட்கிற பழக்கத்தை யாராலும் மூட முடியவில்லை. அது நேராகக் கோயிலுக்கு வந்து சேர்ந்தது.

கேட்பதோடு விடுகிறவரும் இல்லை. யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் முதல் நாள் கஞ்சி அக்காவுடையது. சத்தியசீலன் அண்ணன், அதாவது அவருடைய வீட்டுக்காரர், பம்ப் கம்பெனியில் ஃபோர்மேன். வாயில்லாப் பூச்சி. கஞ்சித் தூக்குப்போசியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவார்.

போன ஜூன் மாதம் எங்கள் சபை மகளிர் சங்கத்தில் ஒரு முகாம் வைத்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கிற முகாம். செயலாளர் கிளாடிஸ் அக்கா என்று சொல்லவே வேண்டியதில்லை. நிலோஃபர் என்ற நர்ஸ் வந்திருந்தார். முப்பது வயது தாண்டிய பெண்கள் ஒரு திரைக்குப் பின்னால் போய், ஒரு சின்ன பிரஷ்ஷில் தாங்களே சாம்பிள் எடுத்துக் குப்பியில் போட்டுக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். யாரும் முன்வரவில்லை. அக்கா எழுந்து, “நானே மொத ஆளுங்க” என்று உள்ளே போனார். அதற்கப்புறம் நாற்பத்திரண்டு பேர் போனார்கள்.

அன்று காலை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மனைவி ஜோவிதா, “நானும் போவட்டுங்களா?” என்று கேட்டாள். வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறவள், அதிகம் பேசமாட்டாள். நான் இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில் நிற்கவில்லை. அவள் நினைவில் நின்றது. அது பின்னால் வரும்.

மூன்று வாரம் கழித்து முடிவுகள் மூடிய கவரில் வந்தன. நாற்பத்துமூன்று பேரில் ஐந்து பேருக்கு வைரஸ் இருக்கிறது என்று மட்டும் நிலோஃபர் ஃபோனில் சொன்னார்.

“அஞ்சு பேரு பேரையும் சொல்லுங்க, லிஸ்ட்டுல போடோணும்” என்றார் அக்கா.

“பேரு தரமாட்டனுங்க.”

“கர்த்தருக்குத் தெரியாததா?”

“அவருக்குத் தெரியுமுங்க. அதனால நீங்க சொல்ல வேண்டியதில்லைங்க.”

அக்காவுக்குக் கோபமான கோபம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசமே இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டு தன்னுடைய கவரைப் பிரித்தார். ஐந்தில் ஒன்று அவர்தான்.

கவரைக் கையில் வைத்துக்கொண்டு அன்று பகல் முழுக்க எழுந்திருக்கவே இல்லையாம். பயம் ஒரு பக்கம். இந்த வைரஸ் தாம்பத்தியத்தில்தான் பெரும்பாலும் தொற்றும் என்று முகாமில் நிலோஃபர் சொல்லியிருந்தது இன்னொரு பக்கம். சத்தியசீலன் அண்ணன் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது.

“ஏனுங்க, இது என்னமோ ஒங்களாலதான் வந்திருக்கோணும். உள்ளதச் சொல்லிப்போடுங்க.”

அண்ணன் கவரைப் படித்தார். வியர்த்தது. கடைசியில், இருபத்தைந்து வருடமாக நெஞ்சில் வைத்திருந்த பாவத்தைச் சொல்லிவிட்டார். கம்பெனி வேலையாக எர்ணாகுளம் போயிருந்தபோது, பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம், மும்மணி ஆராதனைக்குப் போனதாக ஃபோனில் சொன்னது பொய். மேட்னி ஷோ பார்த்திருக்கிறார்.

“ஆரோட?”

“தனியாத்தானுங்க அம்மணி. எடைவேளைல ஒரு பஃப்ஸ் தின்னேன். வேற ஒண்ணுமில்லீங்க, சத்தியமா.”

அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. வைரசுக்காக அல்ல, பஃப்ஸுக்காக. அது உபவாச நாள்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கவரிலேயே எழுதியிருந்தது. ஒரு டாக்டர் கருவி வைத்து அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மாற்றம் இருந்தால் அப்போதே சரிசெய்துவிடலாம், தள்ளிப்போடக் கூடாது. கீழே நான்கு இடங்களின் பெயர் இருந்தது. இங்கேதான் அக்கா தன் வலையில் தானே சிக்கினார். முதல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பது எங்கள் பாடகர் குழுப் பெண். இரண்டாவதில் எக்ஸ்ரே எடுப்பது ஞாயிறு பள்ளி சூப்பரிண்டெண்ட்டின் மருமகன். மூன்றாவது சரவணம்பட்டியில் இருக்கிறது, அவ்வளவு தூரத்தில் யார் இருக்கப் போகிறார்கள் என்று துணிந்து போனார். வாசலில் செக்யூரிட்டி எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

“ஸ்தோத்திரமுங்க அக்கா! ஆருக்கு உடம்புக்கு? என்ன சீக்கு? எந்த வார்டு?”

அந்த மனிதருடைய குடலிறக்கத்துக்கு, இரண்டு பக்கமும், அக்கா ஆறு வாரம் மைக்கில் ஜெபித்திருக்கிறார். அக்கா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விவரமும் சொல்லாமல், வந்த ஆட்டோவிலேயே திரும்பி ஏறினார்.

நான்காவது பெயர் காங்கேயம். கோயம்புத்தூரிலிருந்து சாஜிதா பேகம் என்ற டாக்டர் மாதத்தில் இரண்டாம் வியாழன் மட்டும் அங்கே ஒரு கிளினிக்குக்குப் போகிறார். வியாழன் எங்கள் சபையில் பெண்கள் உபவாச ஜெபம். பதினைந்து வருடத்தில் அக்கா ஒரு வியாழன்கூடத் தவறியதில்லை. ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. செப்டம்பரில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, காங்கேயத்துக்குத் தேங்காய் எண்ணெய் வாங்கப் போவதாகச் சொன்னார்.

“எந்த மில்லுங்க்கா? எத்தன லிட்டரு? இங்க கடையில இல்லாததா? எதுக்குங்க அத்தன எண்ணெய்?” என்று சங்கத்துப் பெண்கள் சுற்றி நின்று கேட்டார்கள். எல்லாரும் அவரே தயார் பண்ணிய சிஷ்யைகள்.

இதே சமயத்தில் என் வீட்டிலும் ஓர் எண்ணெய் விவகாரம் நடந்துகொண்டிருந்தது. ஜூலையில் ஜோவிதா காங்கேயம் போய் ஐந்து லிட்டர் வாங்கி வந்தாள். நல்ல எண்ணெய், விலை குறைவு என்றாள். ஆகஸ்டில் இன்னும் ஐந்து லிட்டர். எங்கள் வீட்டில் மூன்று பேர்தான், அதில் எனக்குத் தலைமுடி கிடையாது. “எண்ணெக் கடை போடப் போறியா?” என்று கேட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். நான் இரண்டாவது காபிக்கு உட்கார்ந்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டிருக்கலாம். விவரம் கேட்பது எனக்குப் பிடிக்காத குணம் அல்லவா?

செப்டம்பர் இரண்டாம் வியாழன் காங்கேயத்தில் நடந்ததை அக்கா என்னிடம் விவரமாகச் சொன்னார், ஜோவிதா விவரமில்லாமல் சொன்னாள். இரண்டையும் கலந்து சொல்கிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கொப்பரை வாசம். அக்கா முதலில் மில்லுக்குப் போய் ஐந்து லிட்டர் வாங்கிவிட்டார். பொய் சொன்னாலும் அதை நிறைவேற்றிவிட்டுத்தான் மறுவேலை. கேனோடு கிளினிக்குக்குப் போய், முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் மாஸ்க் போட்டு, துப்பட்டாவால் தலையை மூடிய ஒரு பெண், அந்தப் பக்கத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியிலும் ஒரு கேன். இப்படி ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு இருவரும் முக்கால் மணி நேரம் இருந்திருக்கிறார்கள்.

அப்போது நர்ஸ் வெளியே வந்து, “ஜோவிதா ஆரோன் ஆருங்க?” என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிட்டார்.

ஜோவிதா எழுந்தாள். டாக்டர் அறைக்குப் போகாமல் கேனைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். அக்கா குறுக்கே போய் நின்றார்.

“அக்கா…” ஜோவிதா கேனைத் தூக்கிக் காட்டினாளாம். “எண்ணெய் வாங்க வந்தனுங்க.”

“நானுந்தான் கண்ணு.”

இருவரும் ஒருவர் கேனை ஒருவர் பார்த்தார்கள். பெண்கள் டாக்டர் கிளினிக்கில் எண்ணெய் விற்பதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

ஜோவிதா அழுதுவிட்டாள். “லிஸ்ட்டுல மட்டும் போட்டுறாதீங்க்கா. அவரு மூலத்துக்கே ஊரு சிரிச்சுது. இது எந்த எடத்துல வந்ததுன்னு தெரிஞ்சா என்னென்ன பேசுவாங்க? மூணு மாசமா வாரனுங்க. மொத மாசம் இங்க ஒரு அம்மாவப் பாத்தா நம்ம சபையாளாட்டத் தெரிஞ்சுது, ஓடிப்போயிட்டனுங்க. போன மாசம் கூட ஆரும் வரலீங்களான்னு நர்ஸு கேட்டாங்க, எந்திரிச்சுப் போயிட்டனுங்க. ஒங்க லிஸ்ட்டுக்குப் பயந்துதானுங்க்கா இவ்வளவு தூரம் வந்தேன்.”

அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பதினைந்து வருடத்தில் அவரிடம் அடுத்த கேள்வி இல்லாமல் போனது அப்போதுதான்.

“நானும் அந்த லிஸ்ட்டுக்குப் பயந்துதான் கண்ணு வந்தேன்” என்றார்.

“அது ஒங்க லிஸ்ட்டுதானுங்களேக்கா?”

“என்ற லிஸ்ட்டுதான்.”

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும் வந்தது. மற்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ஏனுங்க, உள்ள வாரீங்களா, இல்ல இங்கயே எண்ணெய் விக்கப் போறீங்களா?” என்று நர்ஸ் மறுபடி கூப்பிட்டார். இருவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள்.

அக்காவின் விவரப் பித்தை நான் இத்தனை நேரம் கேலி செய்தேன். அந்த அறைக்குள் அது என் மனைவிக்குக் காவலாக நின்றது. ஜோவிதா தனியாகப் போயிருந்தால் டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு ஒன்றும் புரியாமல் வந்திருப்பாள். அக்கா விடவில்லை. எங்கே, எவ்வளவு பெரிது, வலிக்குமா, எத்தனை நிமிடம், அப்புறம் என்ன என்று டாக்டரையே உட்கார வைத்துக் கேட்டார். கடைசியாக, இது யாரால் வந்தது என்றும் கேட்டார்.

சாஜிதா பேகம் இதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார் போல. “கல்யாணமானவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு எப்பவாவது இந்த வைரஸ் வந்துட்டுப் போயிருக்குமுங்க. சளிக் காய்ச்சலாட்ட, வந்ததே தெரியாது. பெரும்பாலும் உடம்பே ரெண்டு வருஷத்துல தொரத்தி விட்டுரும். சில பேருக்குத்தான் போகாம உக்காந்துக்கும். அப்படி உக்காந்தாத்தான் பத்துப் பதினஞ்சு வருஷத்துல புத்துநோயாகலாம். எப்ப வந்துச்சு, ஆரால வந்துச்சுன்னு கண்டுபுடிக்க முடியாதுங்க. யாரையும் விசாரிச்சுப் பிரயோஜனமில்ல.”

“அப்ப எங்க ஊட்டுக்காரரு சினிமாப் பாத்தது?”

“அது பாவமான்னு நீங்க பாஸ்டரத்தான் கேக்கோணுமுங்க” என்றார் டாக்டர்.

அக்காவுக்குப் பார்த்ததில் மாற்றம் எதுவும் இல்லை. ஒரு வருடம் கழித்து மறுபடி சோதித்தால் போதும். ஜோவிதாவுக்கு ஓர் இடம் வெளிறித் தெரிந்தது. அதில் துளி சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர பத்து நாள்.

அந்தப் பத்து நாள் கிளாடிஸ் அக்கா தினமும் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு நாள் கொள்ளுப் பருப்பு, ஒரு நாள் கம்பஞ்சோறு. என்னைப் பார்த்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். ஒரு ரகசியத்தை உள்ளே வைத்துப் பூட்டி அவருக்குப் பழக்கமில்லை. முகமெல்லாம் சிவந்து, பேச வந்து, திரும்பி, “மழ வரும்போல இருக்குதுங்க தம்பி” என்று வெயிலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். எனக்கு அடுத்த மூலம் ஏதோ வருகிறது, அதைக் கர்த்தர் அக்காவுக்கு முன்கூட்டியே காட்டிவிட்டார் என்று நானே பயந்துபோனேன்.

பத்தாம் நாள் சனிக்கிழமை. காலையில் அலமாரியைத் திறந்தால் மூன்று கேன் எண்ணெய் வரிசையாக நிற்கிறது. “இதக் குடிக்கிறதா, குளிக்கிறதா?” என்று கேட்டேன். ஜோவிதா தையல் மெஷினை நிறுத்தினாள். அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் டாக்டர் ஃபோன் செய்திருந்தாராம். எல்லாவற்றையும் சொன்னாள். புற்றுநோய் இல்லை. ஆனால் அங்கே போகிற வழியில் நிற்கிற செல்கள். அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும், மரத்துப்போக ஊசி போட்டு அரை நாளில் முடிகிற வேலை. டாக்டர் இன்னொன்றும் சொன்னாராம். “இன்னும் சில வருஷம் எண்ணெய மட்டும் வாங்கீட்டுத் திரும்பிப் போயிருந்தீங்கன்னா, இன்னைக்கு நான் பேசறாப்புல அன்னைக்குப் பேச முடியாதுங்க.”

பயத்தை மறைக்கக் கோபப்பட்டேன், ஆண்பிள்ளைகள் வழக்கமாகச் செய்வதுதான். “எல்லாம் அந்த லிஸ்ட்டால. நாளைக்கு அத மைக்கு முன்னாலயே கிழிச்சுப் போடறனா இல்லையா பாரு” என்று கத்தினேன்.

“லிஸ்ட்டுக்குப் பயந்தது பாதிதானுங்க” என்றாள்.

“மீதி?”

“கேம்ப்புக்குப் போவட்டுங்களான்னு கேட்டப்ப நீங்கதானுங்க சொன்னீங்க, ஒழுங்கா இருக்கற பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எதுக்குன்னு. அக்கா மொதல்ல போனதப் பாத்து நானும் ஒங்களுக்குச் சொல்லாமப் போயிட்டனுங்க. பொறவு கவர் வந்துச்சு. நான் எப்படிங்க ஒங்ககிட்ட வந்து சொல்றது?”

இட்லியும் சட்னியும் ஞாபகத்துக்கு வந்தன. என் மூலத்தை இருநூறு குடும்பம் கேட்டதை எட்டு வருடமாகப் பெரிய அவமானம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாப்பாட்டு மேசையில் ஒரே ஒருத்தியிடம் நான் சொன்ன ஒரு வாக்கியம், அவளை மூன்று மாதம் காங்கேயத்துக்கும் பீளமேட்டுக்கும் எண்ணெய் சுமக்க வைத்திருக்கிறது. வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. மன்னித்துக்கொள் என்று சொன்னேன். சரிங்க என்றாள். அடுத்த மாதம் நானும் கூட வருகிறேன் என்றேன். “லீவு கெடைக்குமுங்களா?” என்று கேட்டாள். கெசியாவுக்குப் பதினான்கு வயது, இந்த வைரசுக்குத் தடுப்பூசி போடுகிற வயது, அதையும் டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். அதை மட்டும் நான் மறு வாரமே கெசியாவைக் கூட்டிப் போய்ப் போட வைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. காணிக்கைப் பாட்டு முடிந்தது. அக்கா மைக் முன்னால் வந்தார். கண்ணை மூடவில்லை. சபையைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்.

“கிளாடிஸ் சத்தியசீலன், வயது நாப்பத்தொம்பது. கர்ப்பப்பை வாயில எச்.பி.வி. வைரஸ். ஜூன் மாசம் தெரிஞ்சுது. ஆரு என்ன சொல்லுவாங்களோன்னு மூணு மாசம் டாக்டருகிட்டப் போகாம இருந்துபோட்டேன். அது தப்பு. இப்பப் பாத்ததுல மாத்தம் ஒண்ணுமில்ல, ஸ்தோத்திரம். இது எப்படி வருமுங்கறதையும் சொல்லிப்போடறேன். கல்யாணம் பண்ணுன ஆருக்கும் வரும். எங்க ஊட்டுக்காரரு மேல ஒரு குத்தமுமில்ல.”

சத்தியசீலன் அண்ணன் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

“இன்னும் நாலு பேருக்காக ஜெபிப்போமுங்க. பேரு கர்த்தருக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேண்டியதில்ல.” அக்கா தாளை மடித்தார். “இன்னொரு அறிவிப்பு. அடுத்த மாசம் ரெண்டாவது வியாழக்கெழம காலைல ஏழரைக்கு சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல கரூர் பஸ்ஸு நிக்கற எடத்துல நிப்பேன். காங்கேயத்துல எண்ணெய் மலிவு. வாங்கறவங்க கேனோட வரலாம். எதுக்குன்னு ஆரையும் கேக்கமாட்டேன்.”

பேர் இல்லாத விண்ணப்பம் எங்கள் சபையில் அதுதான் முதல். டீ குடிக்கிற இடத்தில் அந்த நாலு பேர் யார் என்று என்னைப் பதினொரு பேர் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். ஜோவிதா டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வியாழன் நான் லீவு போட்டுவிட்டு, காலிக் கேனோடு ஜோவிதாவைக் கூட்டிக்கொண்டு சிங்காநல்லூர் போனேன். அக்கா ஏற்கெனவே நின்றிருந்தார். ஏழரைக்குள் எங்கள் சபைப் பெண்கள் பதினான்கு பேர் வந்துவிட்டார்கள். பதினான்கு பேர் கையிலும் கேன். பாடகர் குழுப் பெண்ணும் வந்திருந்தாள், அந்த செக்யூரிட்டியின் மனைவியும் வந்திருந்தார். யாருக்கு உண்மையிலேயே எண்ணெய் வேண்டும், யாருக்கு டாக்டர் வேண்டும் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. பஸ் கண்டக்டர், “ஏனுங்க்கா, கல்யாண வீடுங்களா?” என்று கேட்டார். “ஆமாங்க கண்ணு, நெறைய வட சுடோணும்” என்றார் அக்கா.

காங்கேயத்தில் எல்லாரும் மில்லுக்குப் போனோம். எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஒருவர் ஃபோன் பேசப் போனார், ஒருவர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார், ஒருவர் கோயில் பார்க்கப் போனார். அக்கா முதுகைத் திருப்பிக்கொண்டு மில்காரரிடம் கொப்பரை விலையை விசாரித்தபடியே நின்றார். நான் ஜோவிதாவோடு கிளினிக்குக்குப் போய், பின்வாசல் வழியாக அவளைக் கூட்டிக்கொண்டு போன நர்சிடம் விட்டுவிட்டு, தெருவில் கேனோடு நின்றேன். முன்னறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

மத்தியானம் ஜோவிதா கொஞ்சம் வெளுத்துப்போய், நடந்தே வெளியே வந்தாள். நன்றாக எடுத்தாயிற்று, மறுசோதனைக்கு மட்டும் தேதி தவறாமல் வர வேண்டும் என்றார், வாசல் வரை கூட வந்த டாக்டர். அதற்குள் அக்கா வந்து சேர்ந்தார். டாக்டர் அவரிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். “ஒங்க கேம்ப்பு அஞ்சு பேரும் வந்தாச்சுங்க.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் விவரம் கேட்காமல் விட்டதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜோவிதா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். முன் சீட்டில் அக்கா. பல்லடம் தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. நானும் அந்தச் சபையில் வளர்ந்தவன்தானே. முன்னால் குனிந்து மெதுவாகக் கேட்டேன்.

“ஏனுங்க்கா, மீதி மூணு பேரு ஆருங்க?”

அக்கா சீட்டில் முழுசாகத் திரும்பினார். பஸ்ஸில் பதினான்கு பெண்களும் கேன்களை மடியில் வைத்துக்கொண்டு, திடீரென்று பேச்சை நிறுத்தினார்கள்.

“ஒங்க மூலம் இப்ப எப்படிங்க தம்பி இருக்குது?” என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார் கிளாடிஸ் அக்கா.

எண்ணெய்க் கேன் சாயாமல் காலால் பிடித்துக்கொண்டு, சிங்காநல்லூர் வரும் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.